வாரேன் கோட்பாடு

பவளத்திட்டுக் குடியரசின் கடற்படை அன்று காலை பஞ்சராகிக் கிடந்தது.

கடற்படை என்றால் ஒரு ரப்பர் படகு. அதற்கு மேல் எதுவும் வேண்டாமென்று நாடாளுமன்றம் ஏகமனதாக முடிவு செய்திருந்தது. நாடாளுமன்றம் என்றால் ஐஸ் ஃபேக்டரியின் பின்பக்கம். அதிபர் ரெஜினாள்தான் ஃபேக்டரிக்கும் முதலாளி. பாதுகாப்புத் துறைச் செயலர் இன்னாசிமுத்து. முப்படைத் தளபதியும் அவரே, படகோட்டியும் அவரே, பஞ்சர் ஒட்டுபவரும் அவரே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகின் வயிற்றில் பசை தடவிக்கொண்டிருந்தபோது, அடிவானத்தில் ஆறு போர்க்கப்பல்கள் தென்பட்டன.

இன்னாசிமுத்து முதலில் பசை டப்பாவை மூடினார். காய்ந்துபோனால் அடுத்த டப்பா மெயின்லாண்டிலிருந்து வர இரண்டு மாதமாகும். அப்புறம்தான் பயப்பட ஆரம்பித்தார். அவர் மனைவி சலேத்மேரி விடியற்காலையிலேயே தன் மீன்பிடிப் படகை எடுத்துக்கொண்டு பாருக்குப் போயிருந்தாள். பார் என்பது கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. அந்தத் தீவின் மீனெல்லாம் அங்கேதான். கப்பல்கள் நேராக அதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தன.

அவர் ஒயர்லெஸ்ஸை எடுக்கும் முன்பே அவள் குரல் வந்துவிட்டது.

"ஏங்க, என் வலையச் சுத்தி ஆறு கப்பல் நிக்குது. என்ன விசயம்?"

"தெரியலயே சலேத்து."

"நீங்கதான பாதுகாப்புச் செயலரு? தெரிஞ்சிட்டுச் சொல்லுங்க. மீனெல்லாம் ஓடுது."

தெரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. அதே அலைவரிசையில் இன்னொரு குரல் குறுக்கிட்டது. இலக்கணப் புத்தகத்தை இஸ்திரி போட்டு விரித்தது போன்ற தமிழ்.

"வணக்கம். தாங்கள் நலமாக இருக்கிறீர்களா? நான் வடகடல் கூட்டமைப்பின் கமாண்டர் ஹோல்ம். தங்கள் மீது நடவடிக்கை எடுக்க வந்துள்ளோம்."

"நல்லா இருக்கேன் சார்," என்றார் இன்னாசிமுத்து. கேட்டால் பதில் சொல்ல வேண்டுமல்லவா? "என்ன நடவடிக்கை? நாங்க ஒண்ணும் செய்யலயே."

"உலக அபாயப் பட்டியலில் தங்கள் நாடு முதலிடத்தில் இருக்கிறது."

இன்னாசிமுத்துவுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. இதுவரை எந்தப் பட்டியலிலும் அவர்கள் முதலிடத்தில் இருந்ததில்லை. பிறகு, "எங்ககிட்ட ஒரு ரப்பர் படகுதான் சார் இருக்கு. அதுவும் ஓட்டை," என்றார்.

"அறிவோம். அதனால்தான் முதலிடம்," என்றார் ஹோல்ம். "கூட்டமைப்பு கடைசியாக மூன்று போர்களில் தோற்றது. மூன்றிலும் எதிரியிடம் ஒன்றுமே இல்லை. செருப்புகூட இல்லை. ஆகவே, ஒன்றுமில்லாதவனே மிக அபாயமானவன் என்று எங்கள் தளபதி முடிவு செய்துவிட்டது."

"செய்துவிட்டதா? செய்துவிட்டாரா?"

"செய்துவிட்டது. தளபதி ஓர் இயந்திரம். மனிதன் முடிவெடுப்பதற்குள் போர் முடிந்துவிடுகிறது என்பதால் அதனிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறோம். நாங்கள் அது சொல்லும் இடத்துக்குப் போவோம். தங்கள் தீவில் உள்ள எல்லாக் கைபேசிகளையும் அது கேட்டுக்கொண்டிருக்கிறது. மன்னிக்கவும். தங்கள் மக்கள் தினமும் ஆயிரக்கணக்கான முறை 'வருகிறேன்' என்கிறார்கள். 'போகிறேன்' என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. எல்லோரும் வந்துகொண்டே இருக்கிறார்கள், ஒருவரும் போவதில்லை என்றால் அது படையெடுப்பு அல்லவா?"

இன்னாசிமுத்துவுக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் படகின் மேலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"சார், அது கெளம்பும்போது சொல்லுறது. போறவுகதான் வாரேம்பாக."

"போகிறவர் வருகிறேன் என்பாரா?"

"ஆமா. போறேன்னு சொன்னா ஒரேயடியாப் போறதுன்னு அர்த்தமாயிரும். வாய் வராது."

"அப்படியானால் வருகிறவர் என்ன சொல்வார்?"

இன்னாசிமுத்து யோசித்தார். "அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வாசல்ல நின்னு, 'வீட்ல யாரு'ம்பாரு."

மறுமுனையில் ஹோல்ம் அதைக் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "உளவு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார் பாவம்.

படையெடுப்பு எதுவும் கண்ணில் படாததால் மாலையில் கப்பல்கள் திரும்பிப் போயின. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு முந்நூறு பிள்ளைகள் டீச்சரிடம் வாரேன் சொன்னதும் மறுபடி வந்தன. அதற்கும் மறுநாள் ஒரு கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்து சனம் கலைந்தபோது பன்னிரண்டாக வந்தன.

நாடாளுமன்றம் கூடியது. இன்னாசிமுத்து விஷயத்தைச் சொன்னதும் அதிபர் ரெஜினாளின் முகம் கொள்முதல் விலை கேட்கும்போது மாறுவதுபோல் மாறியது.

"ஒரு வார்த்தைக்குப் பன்னெண்டு கப்பலா? நல்லாக் கேட்டியாடே?"

"ஆமாக்கா."

"பன்னெண்டு கப்பல் அங்கேருந்து இங்க வந்துட்டுப் போக எவ்வளவு எண்ணெ குடிக்கும்? நமக்கு என்ன செலவு? எச்சில்தான?" அவள் மேசையைத் தட்டினாள். "அவன் கப்பல் வச்சிருக்கான். நம்மகிட்ட வாய் இருக்கு. ஓட விடுடே அவன!"

அப்படித்தான் உலகப் போர்க்கலையில் 'வாரேன் கோட்பாடு' பிறந்தது. காலையில் வடக்குத் தெரு, மத்தியானம் மார்க்கெட், சாயங்காலம் மாதா கோயில் வளாகம் என்று முறை வைத்து, எங்கும் போகாதவர்களெல்லாம் போனை எடுத்து 'அப்போ நான் வாரேன்' என்றார்கள். கப்பல்கள் வடக்கே ஓடின, தெற்கே ஓடின, தீவைச் சுற்றிச் சுற்றி வந்தன. எதிரிக்கு இளைப்பு வாங்கியது. ஹோல்மின் குரல் நாளுக்கு நாள் மெலிந்தது.

"எங்கள் மாலுமிகள் வாந்தி எடுக்கிறார்கள்," என்றார் ஒருநாள். "தாங்கள் சற்று நேரம் கிளம்பாமல் இருக்க முடியுமா?"

கோட்பாட்டைப் படிக்கப் பல நாட்டுத் தளபதிகள் வந்தார்கள். பெரிய நாட்டிடம் மாட்டிக்கொண்டு விழிக்கும் சின்ன நாட்டுக்காரர்கள்தான் அதிகம். ஒருவர் இந்த வார்த்தையைத் தங்கள் மொழியிலும் செய்து தர முடியுமா என்று கேட்டார். உங்கள் ஊரில் கிளம்பும்போது என்ன சொல்வீர்கள் என்று இன்னாசிமுத்து விசாரித்தார். 'நான் போகிறேன்' என்று சொல்வார்களாம். "அப்படிச் சொல்லியுமா உயிரோட இருக்கீய?" என்று ரெஜினாள் அவருக்காக மனப்பூர்வமாக வருத்தப்பட்டாள்.

ஓர் அயல்நாட்டு ராணுவக் கல்லூரி இன்னாசிமுத்துவைப் பேச அழைத்தது. அவர் இருந்த இடத்திலிருந்தே வீடியோவில் பேசினார். எளியவன் தன் அன்றாட வாழ்க்கையையே ஆயுதமாக்க வேண்டும். அவனுக்கு மலிவாக இருப்பது வலியவனுக்கு விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்றெல்லாம் வெளுத்து வாங்கினார். சட்டை மட்டும் புதிது, கீழே பழைய கைலிதான். பேச்சு முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இவரும் மரியாதைக்கு எழுந்தார். கைதட்டல் கூடியது.

அன்று சாயங்காலம் சலேத்மேரி கிழிந்த வலையைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள்.

"பன்னெண்டு கப்பல் குறுக்கயும் மறுக்கயும் போனா எந்த மீனு நிக்கும்? வலையப் பாருங்க."

"நாட்டுக்காகத்தான சலேத்து. கொஞ்சம் பொறு. அவன் தளந்துருவான்."

"நான் கடலுக்குப் போகையில உங்ககிட்ட சொல்லுத வார்த்தை அது. கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லுதேன். அத எடுத்து ஊர் பூரா கல்லெறியுதீய. நாளைக்கு நான் சொன்னா அது எனக்குள்ளேருந்து வருதா, உங்க டிப்பார்ட்மென்ட்லேருந்து வருதா?"

நாட்டின் வியூகத்தைப் பெண்களுக்கு விளக்குவது கடினம் என்று இன்னாசிமுத்து மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லும் தைரியம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை எத்தனை பேர் வாரேன் சொல்லியும் கப்பல் வரவில்லை. ரெஜினாள் ஃபேக்டரியில் எல்லாருக்கும் இலவச ஐஸ் கொடுத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று வெடி போட்டார்கள். மத்தியான வாக்கில்தான் கடலில் பலாப்பழம் அளவுக்குக் கறுப்புப் பந்துகள் மிதப்பதைச் சிலர் பார்த்தார்கள். அதில் ஒன்று உரசி வெடித்ததும், ஃபெலிக்ஸ் என்பவனுடைய படகு நங்கூரம் போட்டு நின்ற இடத்திலேயே இரண்டாகப் பிளந்தது. அவன் டீ குடிக்கக் கரைக்கு வந்திருந்ததால் பிழைத்தான். கையில் டீ கிளாஸோடு அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

சலேத்மேரி அன்று பாருக்குப் போயிருந்தாள். பந்துகளுக்கு நடுவே இஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்புப் போட்டு அவள் கரை சேர்ந்தபோது இன்னாசிமுத்து இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அவள் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். கடைசியில் இழுத்துக்கொண்டு போனது அவள்தான், அவரில்லை.

"கப்பல் செலவு கட்டுப்படியாகவில்லை," என்று விளக்கினார் ஹோல்ம். அவர் குரலிலும் சந்தோஷம் இல்லை. "ஆகவே தளபதி மலிவான வழியைத் தேடியது. ஒரு சொல்லுக்கு ஒரு பந்து. தங்கள் சொற்பொழிவை அது முழுவதும் கேட்டிருக்கிறது. உத்தரவின் அடிக்குறிப்பில் தங்கள் பெயர் இருக்கிறது."

இன்னாசிமுத்து மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சார், அது வெறும் வழியனுப்புற வார்த்தைன்னு அதுகிட்டச் சொல்லுங்க. நீங்களே கேட்டியளே."

"முதல் வாரமே எழுதினேன். 'அது தவறாகப் புரிந்துகொள்கிறது, திருத்துங்கள்' என்று. பரிசீலனையில் இருந்தது. அதற்குள் தாங்கள் அதை ஆயுதமாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டீர்கள். இப்போது அது சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது ஐயா. சரியானதைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை."

இதைக் கேட்டபோது இன்னாசிமுத்து தன் வாழ்நாளிலேயே முதல்முறையாகத் தன்னை நினைத்து வெட்கப்பட்டார். எதிரி முட்டாளாக இருந்தவரை வீட்டு வாசலில் பேசுகிற பேச்சு வீட்டு வாசலில்தான் இருந்தது. அதைக் கடலுக்கு இழுத்துவந்தது அவரும் ரெஜினாக்காவும்தான்.

"இதுக்கு என்னதான் வழி?"

"ஏழு நாள் அந்தச் சொல் காதில் விழாவிட்டால் பந்துகள் தாமாகவே திரும்பிவிடும். நாங்களும் போய்விடுவோம். ஒருமுறை விழுந்தாலும் முதலிலிருந்து எண்ணும்."

வாரேன், வரேன், வர்றேன் மூன்றும் தடை செய்யப்பட்டன. போறேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என அரசு சலுகை அளித்தது. ஒருவரும் அந்தச் சலுகையைத் தொடவில்லை. ஒரே ஒருவர், தாசில்தார், சட்டத்தை மதித்து மாமியார் வீட்டில் 'போறேன்' என்றார். மாமியார் ஒப்பாரி வைத்துவிட்டாள்.

சொல்லாமல் போகவும் மனசு வரவில்லை, சொல்லிவிட்டுப் போகவும் வழியில்லை. எனவே ஒருவரும் போகவில்லை. காப்பி குடிக்க வந்த விருந்தாளிகள் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தார்கள். பூசை முடிந்தும் கோயிலிலிருந்து சனம் கலையவில்லை. சாமியார் இன்னொரு பூசை வைத்தார். போன் பேச்சுகள் முடியவே இல்லை. பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் இரண்டு பக்கமும் மூச்சு விட்டுக்கொண்டிருந்து, கடைசியில் பேட்டரி தீர்ந்துதான் விடுதலை கிடைத்தது. இன்னாசிமுத்துவின் சித்தப்பா மகன் ஒருத்தன் சும்மா எட்டிப் பார்க்க வந்தவன், நான்காம் நாள் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தான். அவன் இருந்த இருப்பில் தீவை எதிரி பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று ஒரு கட்டத்தில் பாதுகாப்புச் செயலருக்கே தோன்றியது.

நடுவில் இரண்டு தடவை தூக்கக் கலக்கத்தில் யாரோ வாரேன் சொல்லிவிட்டார்கள். எண்ணிக்கை முதலிலிருந்து ஆரம்பித்தது. கரையில் படகுகள் வெயிலில் காய்ந்தன. அடுப்புகளில் வெறும் கஞ்சி. பார் அங்கே மீனோடு காத்திருந்தது, போக வழியில்லை.

சட்டத்தை யாரையும்விடக் கறாராகக் கடைப்பிடித்தவள் சலேத்மேரி. அவள் அந்த வார்த்தையை மட்டுமல்ல, அவரிடம் எந்த வார்த்தையையும் பேசவில்லை. சோறு வைப்பாள், தட்டை நகர்த்துவாள், எழுந்து போய்ப் படகடியில் உட்கார்ந்து வலையைத் தைப்பாள். "ஏதாவது திட்டவாவது செய்யேன்," என்று இன்னாசிமுத்து கேட்டே விட்டார். அதற்கும் அவள் நூலைப் பல்லால் கடித்தாளே தவிர வாய் திறக்கவில்லை.

ஒருவழியாக எண்ணிக்கை ஏழு நாளைத் தொட்ட காலை, பந்துகள் வரிசை கட்டிக்கொண்டு தொலைவில் காத்து நின்ற கப்பல்களை நோக்கி மிதந்து போயின. ஊரே துறையில் கூடி நின்று பார்த்தது. கப்பல்கள் அடிவானத்தைத் தாண்டும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. ஆனால் அவ்வளவு நேரம் காத்திருக்க சலேத்மேரிக்குப் பொறுமை இல்லை. பந்துகள் பாரைக் கடந்ததுமே படகைத் தள்ளி இஞ்சினைப் போட்டுவிட்டாள். இன்னாசிமுத்து ஓடிப்போய்ப் படகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். உதடு லேசாகப் பிரிந்தது, மூடிக்கொண்டது. படகு போய்விட்டது. ஒன்றும் சொல்லாமல் அவள் கடலுக்குப் போனது அதுவே முதல்முறை.

அப்போது ஒயர்லெஸ் கரகரத்தது.

"ஐயா, ஹோல்ம் பேசுகிறேன். கடைசிப் பந்தும் எங்களிடம் வந்துகொண்டிருக்கிறது. தாங்கள் என்னிடம் எப்போதும் அன்பாகப் பேசினீர்கள். என் தமிழும் வளர்ந்தது. நல்லது. நான் போகிறேன்."

இன்னாசிமுத்துவுக்குச் சுருக்கென்றது. நல்ல மனுஷன், பெண்டாட்டி பிள்ளை உள்ளவர், கடலில் நின்றுகொண்டு போகிறேன் என்கிறாரே! யோசிக்க அங்கே நேரமில்லை. நெஞ்சிலிருந்து நேராக வாய்க்கு வந்துவிட்டது.

"அப்படிச் சொல்லாதீங்க சார். போயிட்டு வாங்க!"

துறையில் ஒரு பெருமூச்சுக் கேட்டது. அதிபர் ரெஜினாள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் முழுவதும் 'வாரேன்' என்ற வார்த்தையையே காவல் காத்துக்கொண்டிருந்ததில், அதற்குப் பதிலாகச் சொல்லும் 'போயிட்டு வாங்க'வையும் தடுக்க வேண்டுமென்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

தூரத்தில் கப்பல்கள் நின்றன. பந்துகளும் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக முகம் திருப்பின. பாரை நோக்கி. பாரில் அப்போது ஒரே ஒரு படகுதான் இருந்தது.

"ஐயா, என்ன செய்துவிட்டீர்கள்?" ஹோல்ம் பதறினார். "அரசின் அதிகாரபூர்வமான குரல் 'வாருங்கள்' என்று அழைக்கிறது. தளபதி இதைச் சவால் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. உடனே, அதே குரலில், மறுத்துச் சொல்லுங்கள்!"

"வராதீங்க! சார், வராதீங்க!"

"பயனில்லை. அதற்கு மரியாதை தெரியாது. பன்மையில் சொன்னால் யாரோ பல பேரைச் சொல்வதாக எண்ணுகிறது. யாரை 'வாருங்கள்' என்றாலும் அதற்குச் சவால்தான்; 'வராதே' என்பதை மட்டும் நேராக அதைப் பார்த்தே சொல்ல வேண்டும். தளபதி ஒன்றே ஒன்று. ஒருமையில் சொல்லுங்கள். 'திரும்பி வராதே' என்று சொல்லுங்கள்!"

இன்னாசிமுத்து மைக்கை இறக்கிவிட்டுப் பாரைப் பார்த்தார். தீவில் இருப்பது ஒரே அலைவரிசை. கப்பல் கேட்பதைப் படகும் கேட்கும். அவர் ஒருமையில் கூப்பிடுவது உலகத்திலேயே ஒருத்தியைத்தான்.

"சலேத்து," என்றார். "ஒயர்லெஸ்ஸ அணைச்சிரு. ஒரு நிமிசம் அணைச்சிரு தாயே."

பதில் இல்லை. அவள்தான் பேசுவதில்லையே. பந்துகள் பாரை நெருங்கிக்கொண்டிருந்தன.

"வராதே," என்றார் இன்னாசிமுத்து. முதல் தடவை குரல் எழும்பவில்லை. மறுபடி கத்தினார். "வராதே! திரும்பி வராதே! இனி எந்தக் காலத்துலயும் இங்க வராதே!"

துறையில் நின்ற பெண்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கடலுக்குப் போனவளைப் பார்த்துப் புருஷன் சொல்லும் வார்த்தையா இது? ஃபெலிக்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னாசிமுத்து தாம் சொன்னதைத் தாமே காதால் கேட்டு அழுதார். அக்கம்பக்கம் பார்க்காமல் நாட்டின் பாதுகாப்புத் துறை தேம்பித் தேம்பி அழுதது.

பந்துகள் தயங்கின. சற்று நேரம் அலையில் ஆடின. பிறகு கப்பல்களைப் பார்த்துத் திரும்பிப் போயின. கப்பல்களும் திரும்பின. ஹோல்ம் இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. ஒயர்லெஸ்ஸை இரண்டு முறை தட்டிவிட்டு வைத்துவிட்டார். கப்பல்கள் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகும்வரை ஊர் அசையாமல் நின்றது.

இன்னாசிமுத்து கப்பலைப் பார்க்கவில்லை. பாரில் நின்ற படகையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. வெகுநேரம் கழித்து ஒயர்லெஸ் கரகரத்தது.

"ஏங்க."

"சொல்லு."

பேசலாமா, எதைப் பேசலாம், எது குற்றமாகும் என்று அவள் அங்கே யோசிப்பது இங்கே தெரிந்தது.

"புளிய ஊறப் போட்டு வைங்க," என்றாள்.

தளபதியும் அதைக் கேட்டிருக்கும். கேட்கட்டும். இன்னாசிமுத்து தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"எவ்வளவு?"

"ரெண்டு பேருக்குத்தான். வேற எவ்வளவு?"